வெந்நீர்ப் பாத்திரம்

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நீங்கள் எப்போதாவது ஏறியிருப்பீர்கள். குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வருமே, கவனித்திருக்கிறீர்களா? தாம்பரம் சானடோரியம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் ‘சானடோரியம்’தான். ‘சானடோரியத்துல எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு வந்துடு’ என்று சர்வசாதாரணமாகச் சொல்வோம். பேருக்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக சேலையூரில் குடியிருக்கும் நானும் யோசித்ததில்லை.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த இடம் அது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம். சுத்தமான காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு. வைத்தியமே அதுதான். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக நடந்துகொண்டிருக்கிறது. ஊரை விட்டுத் தள்ளி, உடம்பு மெள்ள மெள்ளத் தேறும்வரை காத்துக் கிடக்கிற இடத்துக்குப் பேர் சானடோரியம்.

2022-ல் என் வீடே ஒரு சானடோரியம் ஆனது. அப்போதுதான் அந்தப் பேரின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

என் மனைவி கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் பிப்ரவரியில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. பல் டாக்டரிடம்தான் முதலில் போனோம். பிறகு கையிலும் தொடையிலும் அடிபடாமலே நீலத் தழும்புகள். ஒரு ரத்தப் பரிசோதனை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். கீமோதெரபியில் நோய் அடங்கியது. ‘ஆனா இது திரும்பி வர்ற ரகம். எலும்பு மஜ்ஜை மாத்திட்டா நல்லது’ என்றார் டாக்டர். கூடுவாஞ்சேரியில் பெண் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட அரை கிரவுண்டு அந்த வாரமே விலை பேசப்பட்டது.

எலும்பு மஜ்ஜை மாற்று என்றதும் எலும்பை உடைத்து ஏதோ ஆபரேஷன் செய்வார்கள் என்றுதான் நானும் பயந்தேன். அப்படி எதுவும் இல்லை. நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாரிக்கிற ஃபாக்டரி. அந்த ஃபாக்டரி கெட்டுப்போனால், கடுமையான மருந்து கொடுத்து அதை மொத்தமாக மூடிவிடுகிறார்கள். பிறகு இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஒரு பையில் தொங்கவிட்டு ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்து, புது ஃபாக்டரியைத் திறக்கின்றன.

யாருடைய செல்கள் என்பதுதான் பிரச்னை. ரத்த குரூப் பொருந்த வேண்டியதுகூட இல்லை. திசு பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர் ஒருவருக்கு முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். இவளுக்கு ஒரே தம்பி, திருச்சியில். ரிசல்ட் வந்த அன்று போனில் கத்தினான்: “மாமா, பத்துக்குப் பத்து!” எங்கள் கல்யாணத்தின்போது ஜோசியர் ஏழு பொருத்தம்தான் இருக்கிறது என்று இழுத்தார். தம்பிக்குப் பத்துப் பொருத்தமும் இருந்தது.

அவனுக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் ஸ்டெம் செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை இன்னொரு கையில் திருப்பி ஏற்றினார்கள். முடிந்ததும் எழுந்து கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 29. அந்த நாளுக்கு ‘டே ஜீரோ’ என்று பேர். வெளிறிய சிவப்பில் ஒரு சின்னப் பை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘அவ்வளவுதானா?’ என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தார். “சார், இனிமேதான் ஆரம்பமே” என்றார்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சிகிச்சையை உலகத்துக்குக் கொடுத்தவர் டொனால் தாமஸ் என்ற அமெரிக்க டாக்டர். 1957-ல் முதலில் ஆறு பேரிடம் முயற்சி செய்தார். ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. விடாமல் முயன்று 1990-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் மனைவி டாட்டி, பத்திரிகைத் துறை படித்தவர். கணவரோடு வேலை செய்வதற்காகவே ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து, வாழ்நாள் முழுக்க அவர் பரிசோதனைச் சாலையில் கூடவே இருந்தார். கணவரைத் தந்தை என்று கொண்டாடிய துறை, டாட்டியைத் தாய் என்று கொண்டாடுகிறது. இந்தியாவில் முதன்முதலில் 1983-ல் மும்பை டாடா மெமோரியலில் செய்தார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல்.

அந்த ‘நூறு நாள்’ கணக்கு இன்றைக்கும் உண்டு. முதல் நூறு நாள்தான் கண்டம். வந்த செல்களுக்கு இந்த உடம்பு அந்நியம். அவை இந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கலாம். அதை அடக்க மாத்திரை. மாத்திரையால் எதிர்ப்பு சக்தி பூஜ்யம். நமக்கு ஒரு தும்மலோடு போகிற கிருமி, அவளை ஐ.சி.யூ.வில் சேர்த்துவிடும்.

இருபத்தேழாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே ஆறு பக்கம் விதிமுறைகள். நான் வங்கியில் ஆடிட் பார்த்த ஆள். விதிமுறை என்றால் எனக்கு உயிர். லீவு போட்டுவிட்டுக் களத்தில் இறங்கினேன்.

நாலு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று அவள் உபயோகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினேன். குடிக்க, வாய் கொப்புளிக்க, தட்டு கழுவ என்று எல்லாமே அதில் கொதித்து ஆறிய தண்ணீர்தான். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். பூ கூடாது. செடி கூடாது. கடைத் தயிர் கூடாது. பச்சைக் கொத்தமல்லி அரைத்த சட்னி கூடாது. ரசத்தை இறக்கிவிட்டு மேலே மிளகுப்பொடி தூவக் கூடாது. மிளகும் கூடவே கொதிக்க வேண்டும். பம்பளிமாஸ் ஆகவே ஆகாது, மாத்திரையின் வேகத்தை ஏற்றிவிடும். காலை எட்டு, ராத்திரி எட்டு, மாத்திரை நேரம் பிசகக் கூடாது. ரத்தம் எடுக்கிற அன்று மட்டும் காலை மாத்திரையைக் கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும்.

அதுவரை எனக்குக் காபி போடத்தான் தெரியும். அவள் உள் அறையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, நான் அடுப்படியில் நின்று குழம்பு வைத்தேன். ஒரே வீட்டுக்குள் போன்! வாய் முழுக்கப் புண் ஆறிய சமயம். நாக்கில் ருசியே இல்லை. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், ‘துரு வாசனை அடிக்குதுங்க’ என்பாள். சரி, குழம்புதான் சரியில்லை போல என்று நாலு நாள் வருத்தப்பட்டேன்.

அவள் கையைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஒரு நாளைக்கு நாற்பது தரம். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. ராத்திரி அவள் அறை வாசலில் பாய் போட்டுப் படுப்பேன். இருமல் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். சத்தமே கேட்காவிட்டால் அதற்கும் எழுந்துவிடுவேன்.

நோட்டுப் புத்தகம் ஒன்று போட்டேன். ஆறு மணிக்கு ஒரு தரம் டெம்பரேச்சர். குடித்த தண்ணீர் எத்தனை மில்லி. எத்தனை வாய் சாப்பிட்டாள். தோலில் சிவப்பு உண்டா. ஆஸ்பத்திரியில் டாக்டரே நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பிரமாதம் சார்” என்றார். எனக்கு அன்று கால் தரையில் படவில்லை.

நான் என்ன ஆகிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

தீபாவளி வந்தது. வெடிப் புகை உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களுக்கு பாலித்தீன் ஷீட் ஒட்டினேன். அடுத்த வாரம் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டுகிற மண்தூசியில் பூஞ்சை இருக்கும், நுரையீரலுக்கு ஆபத்து என்று ஆறு பக்கத்தில் போட்டிருந்தது. ஷீட்டைப் பிரிக்கவே இல்லை. பகலிலும் டியூப்லைட். கீழ்வீட்டுப் பையன் ‘ஏதாவது வாங்கிட்டு வரணுமா அங்கிள்?’ என்று கேட்க வந்தான். அவன் தும்மினான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மிஸ்ஸைப் பார்க்க வேண்டுமாம். உள்ளே வரமாட்டார்களாம். மிஸ் ஜன்னல்கிட்ட வந்து கையை ஆட்டினால் போதுமாம். மாஸ்க்கெல்லாம் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ‘மிஸ் தூங்கறாங்க. இன்னொரு நாள் வாங்க’ என்றேன். அவள் தூங்கவில்லை.

எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் தெர்மாமீட்டரை நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“ஏங்க, நீங்க என்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வரலை. வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியிருக்கீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்காகத்தானே இத்தனையும்? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?” என்று கத்தினேன். கத்தக் கூடாத கத்தல். அவள் அழவில்லை. கையை நீட்டினாள்.

“அந்த நோட்டைக் குடுங்க. உடம்பு என்னுது. நானே எழுதறேன்.”

கொடுக்க மனசே வரவில்லை என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அந்த நோட்டு என் கையில் இருக்கிறவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு முட்டாள்தனமான நம்பிக்கை. வீட்டுப் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆட்கள் உண்டே, அந்த ஜாதி நான்.

கொடுத்தேன். அன்றிலிருந்து அவளே டெம்பரேச்சர் பார்த்தாள், எழுதினாள். கணக்கு டீச்சர் அல்லவா? பின்பக்கத்தில் கட்டம் போட்டு கிராஃப் வரைந்தாள். மாத்திரை டப்பாவும் அவள் பொறுப்பு. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டோம். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். இவள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள். ஒரு பையன் காம்பவுண்டுச் சுவரில் சார்ட் பேப்பரை விரித்துப் பிடித்தான். ‘மிஸ், ட்ரிக்னாமெட்ரி புரியல. சீக்கிரம் வாங்க’ என்று எழுதியிருந்தது. மொட்டைத் தலையோடு அவள் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் நூறாவது நாள். தாண்டிவிட்டோம் என்று பாயசம் வைத்தேன். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 9. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்த ராத்திரி. ஞாபகம் இருக்கிறதா? சேலையூரில் பத்து மணிக்கே கரன்ட் போய்விட்டது. மரம் முறிகிற சத்தம். பதினொன்றரைக்கு டார்ச் வெளிச்சத்தில் என்னை எழுப்பினாள்.

“பதறாதீங்க. 101 இருக்கு. குளிர் வேற எடுக்குது.”

100.4 தாண்டினாலே, நடுராத்திரியானாலும் உடனே வர வேண்டும் என்பது விதி. மணிக்கணக்கில் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. என் கை கால் உதற ஆரம்பித்துவிட்டது. ஃபைல் எங்கே என்று தெரியவில்லை, செருப்பு எங்கே என்று தெரியவில்லை. அவளோ வார்டுக்குப் போன் பண்ணிப் பேசியாகிவிட்டது. பையில் ஃபைல், மாத்திரை, நோட்டு எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. எந்த டாக்ஸியும் வரமாட்டேன் என்றது. கீழே போய்க் கதவைத் தட்டினேன். தும்மினான் என்று நான் திருப்பி அனுப்பிய அதே பையன், லுங்கியோடு காரை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளைகள் முறிந்து கிடந்தன. வைப்பர் போட்டும் ரோடு தெரியவில்லை. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மணிக்கு முதல் ஊசி ஏறிவிட்டது.

மார்பில் மருந்து ஏற்றப் போட்டிருந்த குழாயில் கிருமி. குழாயை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தார்கள். பதினோரு நாள். பிழைத்துக்கொண்டாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கிராஃபில் அன்று மாலையிலிருந்தே கோடு லேசாக ஏறியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் அலாரம் வைத்து எழுந்திருக்கிறாள். நோட்டு என்னிடமே இருந்திருந்தால், பாயசம் வைத்த சந்தோஷத்தில் ராத்திரி டெம்பரேச்சரை விட்டிருப்பேன். விட்டுத்தான் இருப்பேன்.

நோயாளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று நினைக்கிறோம். அவர்களால் முடிந்ததை அவர்கள் கையில் விட்டுவைப்பதும் அதில் சேர்த்திதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு புயல் தேவைப்பட்டது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். பார்க்கப் போகிறவர்கள் பழம், பூ வாங்கிப் போகாதீர்கள். ‘எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பாவுக்கும் இதேதான்’ என்று ஆரம்பிக்காதீர்கள், சித்தப்பா இறந்துபோன கதையில்தான் அது முடியும். கரன்ட் பில் கட்டிக் கொடுங்கள். பார்த்துக்கொள்கிற மனுஷனைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். பிளேட்லெட் தானம் கொடுங்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் ஆஸ்பத்திரிகளில் எப்போதும் தட்டுப்பாடு. உங்கள் வீட்டில் இளவட்டங்கள் இருந்தால், ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2009-ல் நம் சென்னையில் தொடங்கிய ‘தாத்ரி’ மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் ஒரு தடவு தடவிக் கொடுத்தால் போதும். பத்துப் பொருத்தமுள்ள தம்பி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். முன்பு ‘ஓ பாஸிட்டிவ்’, இப்போது தம்பியின் ‘பி பாஸிட்டிவ்’. பரிசோதனையில் அவள் ரத்த அணுக்கள் எல்லாம் ஆண் என்று காட்டுகின்றன. ‘இனிமே என்கிட்ட வெச்சுக்காதீங்க, என் தம்பி ரத்தம் ஓடுது’ என்று மிரட்டுகிறாள். சின்ன வயசில் போட்ட தடுப்பூசிகளின் ஞாபகமெல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டதால், குழந்தைகளுக்குப் போடுகிற ஊசிகளை மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டாள். கிளினிக்கில் பக்கத்துச் சேரில் அழுத மூன்று மாதக் குழந்தைக்கு, ‘பாரு, ஆன்ட்டி அழலையே’ என்று கையைக் காட்டினாள்.

போன மாதம் பரண் ஒழித்தோம். அந்த நாலு லிட்டர் பாத்திரம் வந்தது. அடி கறுத்து, உள்ளே உப்பு பூத்து. ‘பழைய பாத்திரக்காரர்கிட்ட போட்டுடலாமா?’ என்றேன். அவள் அதை வாங்கித் துடைத்தபடியே ஒரு விஷயம் சொன்னாள்.

நம் சானடோரியம் சௌரிமுத்து அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். முதல் உலகப் போர் சமயம் அங்கே போய்ப் படுத்திருந்த ஒரு நோயாளி, கணித மேதை ராமானுஜன். 1919-ல் ஊர் திரும்பியவரை, அடுத்த வருஷம் சேத்துப்பட்டில் கண்மூடும்வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர் மனைவி ஜானகி. அப்போது அவருக்கு இருபத்தொரு வயசு. வேளாவேளைக்குச் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, வலிக்கிறது என்றால் காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். வெந்நீர் போட்ட அந்த இரண்டு பாத்திரங்களையும் வயசான காலத்திலும் பத்திரமாக வைத்திருந்ததாக அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். 1994-ல்தான் அவர் காலமானார்.

“கிளாஸ்ல பசங்களுக்கு 1729 கதைதான் சொல்வேன். இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. இனிமே சொல்லணும்” என்றாள்.

பாத்திரத்தைக் கடையில் போடவில்லை. புளி போட்டுத் தேய்த்து அடுப்படியிலேயே வைத்துவிட்டாள். இப்போது அதில் என் குளிர்காலக் குளியலுக்கு வெந்நீர் கொதிக்கிறது. வைக்கிறது அவள். “போதும், எறக்கிடு” என்று நான் சொன்னால், “சும்மா இருங்க, எனக்குத் தெரியும்” என்கிறாள்.